டிபன் அறையில் பந்தி விசாரிப்பு

நாள் 1: பொங்கோல்

திருச்சியில் நள்ளிரவுக்குப் பின் விமானம் ஏறி, கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்து, காலை ஒன்பது மணிக்கெல்லாம் சிங்கப்பூரின் பொங்கோல் பகுதியில் மகள் வீட்டுக் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் திருமணத்தின் 35ஆம் ஆண்டுக்கு மகளும் மருமகனும் வைத்திருந்த பரிசு சேலையோ நகையோ அல்ல, சாப்பாடு. நாளை ராஃபிள்ஸ் ஹோட்டலில் மாலைத் தேநீர், நாளை மறுநாள் அதே விடுதியின் டிபன் ரூம் என்ற உணவகத்தில் மதிய விருந்து, அதற்கு மறுநாள் நேரமும் தெம்பும் இருந்தால் அங்குள்ள லாங் பார் என்ற மதுக்கூடம். அங்கே தங்குவதாக ஏற்பாடு இல்லை. 115 அறைத்தொகுதிகள் கொண்ட அந்த விடுதியின் ஓர் இரவு வாடகையை மருமகன் சொன்னபோது நானே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். உடம்பு பொங்கோலில் படுக்கட்டும், வாய் மட்டும் அங்கே போய் வரட்டும் என்று முடிவாயிற்று.

பயணக் குறிப்பு எழுதுகிறவன் தான் எந்தக் கண்ணோடு பார்க்கிறான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நான் திருச்சியில் ஓர் ஆலையின் உணவுக்கூடத்தில் 27 ஆண்டுகள் கணக்குப் பார்த்தவன். ஒரு வேளைக்கு எத்தனை பேர், எவ்வளவு அரிசி, எவ்வளவு மிச்சம் என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டதால், எந்த உணவகத்தில் உட்கார்ந்தாலும் தட்டைப் பார்ப்பதற்கு முன் பரிமாறுகிறவர்களின் நடையைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சமையல் அருமையாக இருந்தும் பந்தி கெட்டுப்போன கல்யாணங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பந்தி விசாரிக்கச் சரியான ஆள் இல்லாததுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம். கையில் வாளியும் கரண்டியும் இல்லாமல், தோளில் துண்டோடு, இலை இலையாகப் பார்த்து, "இங்க ரசம் வரல, அந்தக் கடைசியில பெரியவருக்கு மோர் ஊத்துங்க" என்று சொல்லிக்கொண்டே வருகிற பெரியப்பாவோ தாய்மாமனோ இல்லாத பந்தியில் எத்தனை பதார்த்தம் வைத்தாலும் வந்தவர்கள் குறையோடுதான் கை கழுவுவார்கள்.

ராஃபிள்ஸ் விடுதியின் பந்தி விசாரிப்பு இன்று பிற்பகலே தொடங்கிவிட்டது. முன்பதிவை உறுதி செய்ய மகளைத் தொலைபேசியில் அழைத்தார்கள். யாரேனும் சைவமா, கடலை ஒத்துக்கொள்ளாதவர் உண்டா, ஏதாவது விசேஷத்துக்காக வருகிறீர்களா என்றெல்லாம் கேட்டார்கள். என் மனைவி பத்து ஆண்டுகளாகப் புலால் உண்பதில்லை, முட்டையும் தொடுவதில்லை. மகள் பொதுவாக "வெஜிடேரியன்" என்று சொல்ல, முட்டை சேரலாமா, வெங்காயம் பூண்டு சேரலாமா என்று எதிர்முனை விடாமல் கேட்டுக் குறித்துக்கொண்டது. "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட உங்க வீட்ல இவ்வளவு கேக்கல" என்றாள் மனைவி. அதற்கு மறுமொழி சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இரவு மருமகன் மெதுவாக ஒரு சிக்கலை எடுத்து வைத்தார். "மாமா, டிபன் ரூமுக்கு ஆம்பளைங்க செருப்புப் போட்டுக்கிட்டுப் போகக் கூடாது. ஷூ கொண்டாந்தீங்களா?" கொண்டுவரவில்லை. ஓய்வுபெற்ற அன்றே ஷூவை யாருக்கோ கொடுத்துவிட்டேன். மருமகனுடையது ஒன்பதாம் எண், என்னுடையது எட்டு. முன்பகுதியில் செய்தித்தாளைக் கசக்கி அடைத்துக்கொண்டு கூடத்தில் நான்கு முறை நடந்து பார்த்தேன். பரவாயில்லை, நடக்கலாம்.

நாள் 2: மாலைத் தேநீர்

ரயிலில் இறங்கிய நிலையத்தின் பெயர் தமிழில் 'நகர மண்டபம்' என்று எழுதப்பட்டிருந்தது. அங்கிருந்து சில நிமிட நடையில் பீச் ரோடு. பெயரில்தான் கடற்கரை இருக்கிறது, கடலைக் காணோம். 1887 டிசம்பர் 1ஆம் தேதி பத்து அறைகள் கொண்ட ஒரு பங்களாவாக இந்த விடுதி திறக்கப்பட்டபோது, தாழ்வாரத்தில் உட்கார்ந்தவருக்கு நேரெதிரே கடல்தான் இருந்தது. பிறகு மண்ணைக் கொட்டிக் கொட்டி நிலத்தை நீட்டியதில் கடல் விலகிப் போய், கட்டடங்கள் முளைத்து, சாலைக்குப் பெயர் மட்டும் மிஞ்சிவிட்டது.

விடுதியைத் தொடங்கிய சார்கீஸ் சகோதரர்கள் ஆர்மீனியர்கள். பினாங்கின் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் விடுதியும் ரங்கூனின் ஸ்டிராண்ட் விடுதியும் அவர்கள் நடத்தியவைதாம். ஆர்மீனியர் என்றால் நமக்குத் தொலைவானவர்கள் அல்லர். சென்னையில் அவர்களுடைய தேவாலயம் இருக்கும் தெருவை நம்மவர்கள் அரண்மனைக்காரத் தெரு என்று ஆக்கி, இல்லாத அரண்மனை ஒன்றை அங்கே நிறுத்திவிட்டார்கள் என்பதை மகளுக்குச் சொன்னேன். அவளுக்கு அதைவிட என் ஷூவின் மேல்தான் கவலை.

வாசலில் தலைப்பாகை கட்டிய சீக்கியர் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே மூன்று மாடி உயரத்துக்கு எழும்பி நிற்கும் கூடம், சுற்றிலும் வெள்ளைத் தூண்களும் மேல்மாடித் தாழ்வாரங்களும். இந்தப் பிரதானக் கட்டடம் 1899இல் எழும்பியது. ஸ்வான் அண்ட் மக்லாரன் நிறுவனத்தின் கட்டடக் கலைஞர் பிட்வெல் இதை வடிவமைத்தார். மின்விளக்கும் மின்விசிறியும் அந்த நாளிலேயே இங்கே வந்துவிட்டன என்று சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். 2017இல் தொடங்கிய புதுப்பிப்பு வேலை முடிந்து 2019இல் மறுபடியும் திறந்த பின், கிராண்ட் லாபி எனப்படும் இந்தக் கூடத்திலேயே மாலைத் தேநீர் பரிமாறுகிறார்கள்.

மூன்று தட்டு வெள்ளி அடுக்கு ஒன்று மேசைக்கு வந்தது. கீழ்த்தட்டில் விரல் நீளச் சாண்ட்விச்சுகள், நடுவில் ஸ்கோன் எனப்படும் சிறு ரொட்டி, மேல்தட்டில் இனிப்புகள். மனைவிக்குத் தனியாகச் சிறிய அடுக்கு ஒன்று, வெள்ளரிக்காயும் பாலாடைக்கட்டியும் வைத்த சாண்ட்விச்சுகளோடு. நேற்றுத் தொலைபேசியில் கேட்ட கேள்விகள் இன்று தட்டாக வந்து உட்கார்ந்திருந்தன. எது முட்டை சேராதது என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை. பரிமாறிய இளைஞர் அடுக்கை வைக்கும்போதே, "மேடம், இதில் உள்ள எல்லாவற்றையும் நீங்கள் சாப்பிடலாம்" என்று ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்தார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை எங்கள் உணவுக்கூடத்துக்கு அழைத்துப் போய் நான்கு பேருக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லலாம் என்று தோன்றியது.

சாண்ட்விச்சைப் பார்த்ததும் என் கணக்குப் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. ரொட்டியின் நான்கு ஓரங்களும் நூல் பிடித்தாற்போல் நறுக்கி எடுக்கப்பட்டிருந்தன. ஒரு முழு ரொட்டியில் ஓரம் மட்டும் எவ்வளவு எடை இருக்கும், ஒரு மாலைக்கு எத்தனை ரொட்டி ஆகும் என்று மனத்துக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆலையில் ரொட்டி ஓரம் மிஞ்சினால் மறுநாள் காலையில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து உப்புமாவாகிவிடும். அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட ஃபிட்டர்கள் உண்டு.

இந்த அடுக்கைக் கீழிருந்து மேலாக உண்ண வேண்டும் என்பது ஆங்கிலேய முறை. உப்பு முதலில், ஸ்கோன் அடுத்து, இனிப்பு கடைசியில். மனைவி நேராக மேல்தட்டுக்குப் போய்விட்டாள். "அம்மா, கீழேயிருந்து சாப்பிடணும்" என்று மகள் காதோரம் சொன்னாள். "இலையில இனிப்பைத்தானடி முதல்ல வைப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குச் சாப்பிட்டாள். பரிமாறியவர் இதைப் பார்த்தார், பார்க்காதவர் போல் தேநீரை ஊற்றினார். அடுத்த சுற்றுக்கு அவளிடம் வரும்போது மட்டும் சாண்ட்விச் தட்டை அவள் கைக்கு எட்டும் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். திருத்தவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை.

ஸ்கோனை இரண்டாகப் பிளந்து, கெட்டியான பாலேட்டையும் பழக்கூழையும் தடவித் தின்ன வேண்டும். கிளாட்டட் க்ரீம் என்பதைப் பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மண்சட்டியில் சிறு தீயில் வைத்த பாலின் மேல் படியும் ஆடை எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது. அதற்கு மேல் ஸ்கோனைப் பற்றி எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. ஒரு ஸ்கோன் ஒரு வேளை உணவுக்குச் சமம் என்பதை மட்டும் பின்னால் போகிறவர்களுக்கு எச்சரிக்கையாக எழுதி வைக்கிறேன்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். "வேறென்ன வேண்டும்" என்று ஒருவரும் குனிந்து கேட்கவில்லை. ஆனால் மனைவி சர்க்கரையைத் தேடிக் கண்ணை ஓட்டிய அதே நேரத்தில் சர்க்கரைக் கிண்ணம் அவள் பக்கம் நகர்ந்து வந்தது. தூணோரம் நின்றிருந்த அந்த இளைஞரின் பார்வை முகங்களின் உயரத்தில் இல்லை, கோப்பைகளின் உயரத்தில் இருந்தது. முகத்தைப் பார்த்தால் சாப்பிடுகிறவருக்குக் கூச்சம் வரும். கோப்பையைப் பார்த்தால் வராது. இத்தனை வருடப் பந்திகளில் எனக்குத் தோன்றாத விஷயம் இது.

நாள் 3: டிபன் ரூம்

இன்றைய விருந்தின் பெயரே முதலில் எங்களுக்குள் ஒரு சண்டையைக் கிளப்பிவிட்டது. டிபன் என்றால் இட்லி, தோசை, பொங்கல், மாலையில் பஜ்ஜி. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடுவது சாப்பாடு. ஆகையால் டிபன் ரூமில் சாப்பாடு என்பது பொருந்தாத பேச்சு என்பது மனைவியின் வாதம். சொல்லின் வரலாறு அவளுக்கு எதிராக இருந்தது. ஆங்கிலத்தில் சிறிது சிறிதாகப் பருகுவதைக் குறித்த ஒரு கொச்சை வழக்கு, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களோடு இந்தியாவுக்கு வந்து, வெயில் காலத்தில் நண்பகலில் உண்ணும் இலேசான உணவுக்குப் பெயராயிற்று. அதை நாம் வாங்கிக்கொண்டு சிற்றுண்டிக்கு வைத்துவிட்டோம். மும்பைக்காரர்கள் மதிய உணவுக்கும் அதைச் சுமக்கும் டப்பாவுக்கும் வைத்தார்கள். ஆங்கிலேயர்களோ அதைக் கப்பலேற்றி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுபோனார்கள். போன இடத்தில் 'இலேசான' என்ற பொருள் கடலில் விழுந்துவிட்டது. கறி டிபன் என்றால் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் மலைபோல் சோறு, அதன்மேல் கறிக்குழம்பு, சுற்றிலும் தேங்காய்ப்பூ, சட்னி, வாழைப்பழத் துண்டு, பொரித்த நெத்திலி என்று கிண்ணம் கிண்ணமாகத் தொட்டுக்கொள்ளும் பொருள்கள், உண்டபின் மாலைவரை உறக்கம். அந்த விருந்தின் பெயரைத்தான் இந்த உணவகம் தாங்கியிருக்கிறது. டிபன் ரூமின் வரலாற்றை 1892இலிருந்து எண்ணுகிறது விடுதி.

மற்றொரு சொல்லையும் நான் தேடிக்கொண்டு போயிருந்தேன். முல்லகடானி. நம்முடைய மிளகுத் தண்ணீர்தான் அது. சாப்பாட்டுக்கு முன் சூப் வேண்டும் என்று வெள்ளைக்காரத் துரை கேட்க, சூப் என்ற ஒன்றே தமிழ்ச் சமையலில் இல்லாததால் மிளகு ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தான் சென்னைச் சமையற்காரன். பிறகு பருப்பும் கறித்துண்டும் சோறும் அதில் விழுந்து, அது கெட்டியாகி, ஆங்கில ஆட்சி நடந்த ஊர்களின் விடுதிகளிலெல்லாம் இடம்பிடித்துவிட்டது. நாங்கள் போன அன்று அது என் கண்ணில் படவில்லை. இன்றைய டிபன் ரூம் வட இந்தியச் சமையலுக்கானது. தந்தூர் அடுப்பும் காஷ்மீரத்து மிளகாயும் அங்கே ஆட்சி செய்கின்றன. மதராஸ் துரைமார்களின் சொல்லைப் பெயர்ப்பலகையில் வைத்துக்கொண்டு உள்ளே பஞ்சாபியும் காஷ்மீரியும் பேசுவது எனக்கு வேடிக்கையாக இருந்ததே தவிரக் குறையாகத் தோன்றவில்லை. சொல் எங்கே போனாலும் அங்கே கிடைத்ததைத் தின்றுதானே வாழ வேண்டும்.

மரத்தரை, வெள்ளைத் தூண்கள், உயரமான கூரை, சன்னல் வழியே இறங்கும் வெளிச்சம். செய்தித்தாள் அடைத்த ஷூ மரத்தரையில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு சத்தம் போட்டது. எங்கள் மேசைக்கு வந்த பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும். ஆங்கிலத்தில் வரவேற்றுவிட்டு, மனைவி என்னிடம் சொன்ன ஏதோ ஒன்றைக் கேட்டதும், "நீங்க தமிழ்நாடா? நான் ஈப்போங்க" என்றார். மலேசியாவின் ஈப்போ நகரத்துத் தமிழ் மெல்லிய இராகத்தோடு இருந்தது. தாத்தா திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ரப்பர் தோட்டத்துக்கு வந்தவராம். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வேலை நேரத்தில் ஊர்க்கதை வளர்க்காமல் இருப்பதும் அவருடைய பயிற்சியில் ஒன்றாக இருக்கும்.

முதலில் சாட். நொறுங்கும் கீரை இலை வறுவலின்மேல் தயிரும் புளிச்சட்னியும் மாதுளை முத்துகளும். நொறுக்கு நமுத்துப்போவதற்குள் உண்டுவிட வேண்டும் என்பதால் சாட் வந்த மூன்றாம் நிமிடம் தட்டுக் காலி. அதன்பின் வந்ததைத்தான் விரிவாக எழுத ஆசைப்படுகிறேன், ஏனென்றால் வந்தது ஒரு டிபன் கேரியர்.

நம் வீட்டுப் பரணில் கிடக்கும் அதே பொருள். மூன்றடுக்கு, பளபளவென்று துலக்கியது, இரு பக்கமும் கம்பி, மேலே கைப்பிடி. மலாயில் இதற்குத் திங்கட் என்று பெயர் என்றார் ஈப்போ அம்மையார். அந்தச் சொல்லுக்கும் பொருள் அடுக்குதான். கேரியரை மேசையின் நடுவில் வைத்து, இடது கையால் அடிப்பாத்திரத்தை அணைத்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் கொக்கியை மேல்நோக்கித் தள்ளினார். 'டக்' என்று ஓர் ஓசை. என் மனைவி சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். 27 ஆண்டுகள் ஆலையில் அரிசியும் பருப்புமாகப் புழங்கினாலும், அல்சருக்குப் பயந்து மதியச் சாப்பாட்டை நான் வீட்டிலிருந்துதான் எடுத்துப்போனேன். காலை ஏழு மணிக்கு எங்கள் சமையலறையில் கேட்ட கடைசி ஓசை அந்த 'டக்'தான். கொக்கி சரியாக மாட்டாத ஒருநாள் பேருந்தில் சாம்பார் கொட்டி, பக்கத்து இருக்கைக்காரரின் வேட்டி பாழான கதையும் உண்டு.

அடுக்குகளைப் பிரித்து வைத்தபோது மேலே பனீர் சேர்த்த கீரை மசியல், நடுவில் உருளைக்கிழங்கு, அடியில் கறுப்பு உளுந்துப் பருப்பு. அடித்தட்டில் எது என்பதில் எனக்கு அக்கறை உண்டு. எது கனமோ, எது கொட்டினால் ஆபத்தோ, எது நெடுநேரம் சூடு தாங்க வேண்டுமோ அதுதான் அடியில் இருக்க வேண்டும். அது சரியாகவே இருந்தது. அந்தப் பருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் உளுந்தை இட்லிக்கு அரைப்போம், வடைக்கு அரைப்போம், தாளிக்கக் கொஞ்சம் போடுவோம். தோலோடு முழு உளுந்தைக் கணக்கற்ற மணி நேரம் தணலில் விட்டு, வெண்ணெயும் தக்காளியும் சேர்த்து, பருப்பு தன் உருவத்தை விடாமலேயே கூழாகிப்போகும்படி வேகவைப்பது பஞ்சாபியரின் பொறுமை. கரண்டியால் எடுத்தால் முழுப்பருப்பு, நாக்கில் வைத்தால் வெண்ணெய். தீயை அவசரப்படுத்தி இதைச் செய்ய முடியாது. நல்ல விடுதியில் நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி பண்டத்துக்கு அல்ல, இந்தக் காத்திருப்புக்குத்தான் போகிறது என்பது என் கணிப்பு.

எனக்கென்று தனியே ரோகன் ஜோஷ் வந்தது. ஆட்டுக் கால்கறி எலும்பைவிட்டு நழுவி விழும் பதத்தில் இருந்தது. சிவப்பாக இருந்தாலும் காரம் இல்லை. காஷ்மீரத்து மிளகாயின் நிறத்துக்கும் குணத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

'நான்' ரொட்டி வந்தபோது நான் கையைக் கழுவிக்கொண்டு தயாராக இருந்தேன். மனைவிதான் முள்கரண்டியைப் பிடித்தபடி நானைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த மேசையில் ஒரு சீனக் குடும்பம், பாட்டி முதல் பேரன்வரை, கையால் பிய்த்துத் தின்றுகொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. ஈப்போ அம்மையார் தண்ணீர் ஊற்ற வந்தவர், குனிந்து, மிகத் தாழ்ந்த குரலில், "கையால சாப்பிடுங்கம்மா, அப்பத்தான் பருப்பு ஒட்டும்" என்றார். சொல்லிவிட்டு நிற்கவில்லை. மனைவி கரண்டியை வைத்தாள். பெரியப்பா செய்த பந்தி விசாரிப்புக்கும் இதற்கும் வேறுபாடு ஒன்றுதான். அவர் அதை ஊருக்கே கேட்கும்படி சொல்லியிருப்பார்.

நம் வழக்கத்தில் விருந்தினர் கையால் இலையை மறைத்தாலும் அந்தக் கைக்குமேல் ஒரு கரண்டி விழும். 'போதும்' என்பது பேச்சின் தொடக்கமே தவிர முடிவல்ல. இங்கே 'போதும்' என்றால் போதும். ஒருமுறை வேண்டாம் என்று சொன்னதை மறுபடி கேட்கவே இல்லை. மனைவிக்கு இது கடைசிவரை சற்று வருத்தமாகவே இருந்தது. இன்னொரு தடவை கேட்டிருந்தால் அந்தப் பருப்பில் இன்னும் கொஞ்சம் வாங்கியிருப்பாளாம். "நீங்களாவது கேட்டிருக்கலாமில்ல?" என்று ரயிலில் என்னைக் கடிந்துகொண்டாள். அவளே கேட்டிருக்கலாமே என்று நான் சொல்லவில்லை. கேட்டு வாங்கிச் சாப்பிடுவது நமக்கு இழுக்கு, கேட்காமல் வைப்பது அவர்களுக்கு இழுக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கரண்டிப் பருப்பு பாத்திரத்திலேயே நின்றுவிட்டது.

பில்லை மருமகன் என் கண்ணில் படாமல் மறைக்கப் பார்த்தார், கணக்குக்காரனிடம் நடக்குமா? பட்டியலில் போட்டிருக்கும் விலை முழு விலை அல்ல. அதன்மேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், அந்தக் கூட்டுத்தொகையின்மேல் ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரி. வரிக்கு அடியில் சேவைக் கட்டணமும் அகப்பட்டுக்கொள்வதால் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று படிப்பது 119 வெள்ளி 90 காசாக முடிகிறது. தனியாக அன்பளிப்பு வைக்கும் வழக்கம் இல்லை. நான் எழுந்து நின்று அந்த அம்மையாருக்குக் கும்பிடு போட்டேன். ஷூவுக்குள் செய்தித்தாள் நொறுங்கியது. அவர் காதில் விழுந்திருந்தாலும் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

வெளியே நடந்தபோது மருமகன் ஒரு கதை சொன்னார். 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்ததும் இந்த விடுதியின் பெயரைச் சியோனான் ரியோகான் என்று மாற்றினார்கள். அதற்கு முன் ஊழியர்கள் வெள்ளிப் பாத்திரங்களை, மாட்டிறைச்சி பரிமாறும் வெள்ளித் தள்ளுவண்டி உட்பட, பாம் கோர்ட் முற்றத்துத் தோட்டத்தில் குழிதோண்டிப் புதைத்துவிட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். முதலாளி குடும்பமான சார்கீஸ்கள் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே நொடித்துப்போயிருந்தார்கள். ஆக யாருடைய வெள்ளி என்று பார்க்காமல் புதைத்தவர்கள், அதைத் தினமும் துலக்கிய கைகள்தாம்.

நாள் 4: காலையில் சிராங்கூன் சாலை, மாலையில் லாங் பார்

காலையில் மனைவி, 'நம்ம டிபன்' வேண்டும் என்று சொல்லிவிட்டாள். சிராங்கூன் சாலையில் 1947 முதல் நடந்துவரும் கோமள விலாசுக்குப் போனோம். தோசை, மூன்று சட்னி, சாம்பார். பரிமாறியவர் தோசை பாதி இருக்கும்போதே, "இன்னொன்னு போடச் சொல்லவா?" என்றார். வேண்டாம் என்றாள். "ஒன்னுதானேம்மா சாப்பிட்டீங்க, பொடி தோசை போடச் சொல்றேன்" என்றார். இவள் தலையசைத்துவிட்டாள். முகத்தில் அப்படியொரு திருப்தி. நேற்று நின்றுபோன கரண்டி இன்று வந்து சேர்ந்தது என்று நான் எண்ணிக்கொண்டேன்.

மாலையில் மறுபடி ராஃபிள்ஸ். விடுதியின் ஆர்கேட் பகுதியில் மாடியில் இருக்கிறது லாங் பார். 1920களின் மலாயாத் தோட்டத் துரைமார்களின் உலகத்தை நினைவூட்டும்படி அமைத்திருக்கிறார்கள். கூரையில் ஓலை விசிறிகள் வரிசையாக முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தன. ஈப்போ அம்மையாரின் தாத்தா அந்தத் துரைகளின் தோட்டத்தில் பால் வெட்டியவர்களில் ஒருவராக இருந்திருப்பார் என்ற நினைவு வந்தது, ஆனால் அதை மேசையில் யாரிடமும் சொல்லவில்லை.

சிங்கப்பூர் ஸ்லிங் என்ற கலவை மது பிறந்தது இந்த விடுதியில்தான் என்கிறார்கள். 1915இல் ஙியாம் தோங் பூன் என்ற ஹைனான் சீனர் அதைக் கலந்தார். ஹைனானிலிருந்து பிந்தி வந்து சேர்ந்தவர்களுக்கு வணிகத் துறைகளில் இடம் கிடைக்காமல் போனதால், ஆங்கிலேயர் வீடுகளிலும் விடுதிகளிலும் சமையலுக்கும் பரிமாறும் வேலைக்கும் போனவர்கள் அவர்கள். பெண்கள் பொது இடத்தில் மது அருந்துவது தகாது என்றிருந்த காலத்தில், பார்வைக்குப் பழச்சாறு போலத் தோன்றட்டும் என்றே இளஞ்சிவப்பாக்கினார் என்பது விடுதி சொல்லும் கதை. ஜின், செர்ரி மது, அன்னாசிச் சாறு, எலுமிச்சை, மாதுளைப் பாகு, இன்னும் இரண்டு மூன்று மதுவகைகள். எனக்கு அன்னாசிதான் முன்னே நின்றது. மனைவிக்கு மது சேராத வடிவம் ஒன்று கிடைத்தது. நிறத்தில் இரண்டும் ஒன்றே, ஆகவே பக்கத்து மேசைக்காரர்கள் அவளையும் குடிகாரி என்று நினைத்திருப்பார்கள் என்று அவளுக்கு ஒரே சிரிப்பு.

மேசைதோறும் சாக்குப் பை நிறையத் தோலோடு வறுத்த வேர்க்கடலை வைத்திருக்கிறார்கள். உடைத்துத் தின்றுவிட்டுத் தோலைத் தரையில் எறிய வேண்டும். அதுதான் வழக்கம். தெருவில் ஒரு காகிதத் துண்டு போட்டால் அபராதம் விதிக்கும் ஊரில், இந்த அறைக்குள் மட்டும் தரையெல்லாம் கடலைத் தோல், நடந்தால் சருகில் நடப்பதுபோல் ஓசை. என் ஷூவின் சத்தம் அதில் கலந்து மறைந்துபோனதில் எனக்கு நிம்மதி. மகள் எறிந்தாள், மருமகன் எறிந்தார், நானும் முதலில் இரண்டை நழுவவிட்டு, பிறகு தைரியம் வந்து கைநிறைய எறிந்தேன்.

மனைவியால் முடியவில்லை. உடைத்த தோலையெல்லாம் கோப்பைக்குப் பக்கத்தில் சிறு குவியலாகச் சேர்த்துக்கொண்டே வந்தாள். துடைத்துவிட்டுப் போகிறவர் வருவார் என்று எதிர்பார்த்தாள் போலும். பரிமாறிய பையன் இருமுறை அந்தப் பக்கமாக வந்தான், குவியலைப் பார்த்தான், சிரித்தான், தொடவில்லை. "அம்மா, கீழ போடும்மா, எல்லாரும் போடறாங்க" என்று மகள் சொன்னாள். மனைவி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு ஒரே ஒரு தோலை மேசை விளிம்பிலிருந்து தள்ளிவிட்டாள். பிறகு குனிந்து அது எங்கே விழுந்தது என்று பார்த்தாள்.

நாள் 5: திருச்சி

இரண்டரை மணி நேரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு நண்பகலில் வீடு வந்து சேர்ந்தோம். மருமகனின் ஷூவைப் பொங்கோலிலேயே விட்டுவிட்டேன், உள்ளே அடைத்த செய்தித்தாளை எடுக்க மறந்துவிட்டது என் தவறு. மனைவி உலை வைத்துவிட்டு வந்து கைப்பையைக் கவிழ்த்தாள். கடவுச்சீட்டுகள், மாத்திரைகள், மகள் கொடுத்த மிட்டாய் ஆகியவற்றோடு, நான்காக மடித்து முடிச்சுப் போட்ட கைக்குட்டை ஒன்றும் விழுந்தது. அவிழ்த்தால் உள்ளே லாங் பார் கடலைத் தோல். எதுவும் சொல்லாமல் அதை எடுத்துப் போய்க் கொல்லைப்புறத்து முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டு வந்து, பரணில் இருக்கும் பழைய கேரியரை இறக்கித் தரச் சொன்னாள்.